தொப்பி போட்ட எழுத்துகள்

மொன்ட்ரியால்-நோரின் மூன்று மாடிக் கட்டடங்களில், வீட்டுத் திறப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தாமே கதவைத் திறந்து வளர்ந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலர் இப்போது தனிவீடுகளுள்ள புரோசார்டில் இருக்கிறீர்கள், சிலர் ரொக்ஸ்பரோவில். உங்கள் கார் தெருவில் நிற்பதில்லை, அதனால் பனி அள்ள வருமுன் ஊளையிடும் சைரன் உங்களை எழுப்புவதும் இல்லை. ஆனால் ஞாபகம் இருக்கும். சைரன் கேட்டதும் அப்பாமார் சாரத்துக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு காரை நகர்த்த ஓடியது ஞாபகம் இருக்கும். நான் சொல்லப்போகும் சொல்லும் ஞாபகம் இருக்கும். நீங்களும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

என் வேலை மென்பொருளில் பிழை பிடிப்பது. பிழையைக் கண்டால் இலக்கமிட்டு எழுதுவேன்: எங்கே வந்தது, என்ன செய்தபோது வந்தது, திரும்பச் செய்தால் திரும்ப வருகிறதா. போன மாதம் எனக்கே ஒரு பிழைப் பட்டியல் வந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் புத்தகக் குழு கேட்டதால் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்திருந்தேன். பன்னிரண்டு பக்கம், ஒரு கறுப்பினச் சிறுவனின் கதை. குழு நான்கு திருத்தம் கேட்டது. ஒன்று, சிறுவன் கறுப்பினத்தவனாக இருப்பது அவசியமா. இரண்டு, அப்படி இருந்தாலும் அவனை வறியவனாகக் காட்டினால் எங்கள் பிள்ளைகள் அவனுக்கு உதவுவது போல முடிக்கலாம். மூன்று, கதையில் படிப்பினை இல்லை. நான்கு, படத்தில் நிறத்தைக் கொஞ்சம் குறைத்தால் அச்சில் முகம் தெளிவாக வரும்.

நான்காவதை வாசித்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். பொதுவாக எனக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும். இது மெதுவாக வரவில்லை.

அந்தக் கதை நான் உருவாக்கியதும் இல்லை. எனக்கு ஒன்பது வயதான மாரிகாலத்தில் மேல்வீட்டுப் பெடியன் சொன்னது.

நாங்கள் இரண்டாம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. அவனுடைய அம்மா ஹெய்ட்டியிலிருந்து வந்தவர், முதியோர் இல்லத்தில் வேலை. என் அம்மா பாண் சுடும் தொழிற்சாலையில், அப்பா உணவகச் சமையலறையில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இரண்டு வீட்டிலும் ஆளில்லை. எங்கள் வீட்டு ஹீட்டரை அப்பா ஒன்றுக்கு மேல் திருப்ப விடமாட்டார், அதனால் நானும் அவனும் நிலத்தடியில் இருந்த உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போய்விடுவோம். அங்கே உலர்த்தும் மெசின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். சவர்க்கார வாசனை, சூடான பஞ்சுத் தூசி, யாருடையதோ சட்டைப் பையிலிருந்து விழுந்த சில்லறை உள்ளே கிணுகிணுக்கும் சத்தம். மெசினில் முதுகைச் சாய்த்தால் ஜாக்கெட்டுக்குள்ளால் சூடு ஏறும்.

எங்கள் இருவரில் இந்த ஊரில் பிறந்தவன் அவன்தான். இரண்டு பஸ் தரிப்பு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் பிறந்தான். நான் மூன்று வயதில் வந்திறங்கியவள். ஆனால் எந்த ஊர் என்று எல்லோரும் கேட்டது அவனைத்தான்.

பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு நல்ல மனுசி இருந்தார். அவனைக் கண்டால் எழும்பிப் போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, "இது உனக்குப் பிடிக்கும்" என்பார். மூன்று புத்தகங்கள்தான் மாறி மாறி வரும். ஒன்றில் கறுப்புப் பெடியன் மழையில்லாத கிராமத்தில் தண்ணீருக்கு நடப்பான். இன்னொன்றில் அவனைக் கப்பலில் சங்கிலியால் கட்டியிருப்பார்கள். மூன்றாவதில் அண்ணன் கூடாத கூட்டத்தில் சேர, தம்பி கூடைப்பந்து விளையாடித் தப்புவான். மேல்வீட்டுப் பெடியனுக்குக் கூடைப்பந்து பிடிக்காது. அவனுக்கு நாய்ப் பயம் இருந்தது. பூசணிச் சூப்பில் மிதக்கும் மக்கரோனியை எண்ணி எண்ணிச் சாப்பிடுவான். பெரிய ஆளாகிப் பனி ஊதும் மெசின் ஓட்டுவதுதான் அவனுடைய திட்டம். தெருவோரம் குவித்த பனியை வாய்க்குள் இழுத்து, பக்கத்தில் போகும் லொறிக்குள் பீச்சியடிக்குமே, அது. அதை நாங்கள் ஸ்நோ மெசின் என்றோம்.

அந்த நூலக மனுசியை என்னால் வெறுக்க முடிவதில்லை. அன்பாகத்தான் கொடுத்தார். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது அந்த அன்புதான்.

"இதில எல்லாருக்கும் ஏதோ நடக்குது," என்றான் அவன் ஒருநாள், மூன்றாம் புத்தகத்தை மெசின் மேல் போட்டுவிட்டு. நாங்கள் பேசியது பிரெஞ்சில், எனக்கு அது எங்கள் வீட்டுத் தமிழில்தான் ஞாபகம் வருகிறது. "எனக்கு ஒண்டும் நடக்கேல்ல. ஒண்டும் நடக்காத பெடியன்ர கதை வேணும்."

"ஒண்டும் நடக்காட்டி அது என்ன கதை?"

"ஸ்நோ மெசின் வரும். அது காணாதோ?"

அப்படித்தான் ஒரு நீலக் கொப்பியில் கதை தொடங்கியது. அவன் சொல்ல நான் எழுதினேன், என் கையெழுத்து அழகு என்பதால். எனக்குக் கதை வராது. "பெடியன்ர ஜாக்கெட் என்ன நிறம்? வீட்டில எத்தினை படி? சைரன் எத்தினை மணிக்கு?" என்று கேட்டு, பதிலைக் கடைசிப் பக்கத்தில் பட்டியலாக எழுதிவைப்பேன். அவன் பொறுமையாகப் பதில் சொல்வான். "பதினேழு படி. உடைஞ்ச படியையும் எண்ணு."

கதை இதுதான். சைரன் அடித்த காலையில் பெடியன் வாசலில் நின்று பார்க்கிறான். ஸ்நோ மெசின் வருகிறது. அவனுடைய ஒற்றைக் கையுறை பனிக்குவியலில் கிடக்கிறது, மெசின் அதையும் விழுங்கி லொறிக்குள் துப்பிவிடுகிறது. பெடியன் லொறியின் பின்னால் போகிறான். நகரத்துப் பனியெல்லாம் கொண்டுபோய்க் கொட்டும் மலை வருகிறது. அந்த மலைக்குள் ஊரிலுள்ள பிள்ளைகள் தொலைத்த ஒற்றைக் கையுறைகள் எல்லாம் கிடக்கின்றன. பனி உருகும்வரை பெடியன் காத்திருக்கிறான். அவ்வளவுதான். அவனுக்குப் பசியில்லை, யாரும் அவனைத் துரத்தவில்லை. கையுறைக்குச் சோடி தேடுகிறான்.

பத்தாம் பக்கம் வந்தபோது அட்டை செய்ய நினைத்தோம். "உங்கட எழுத்தில எழுது," என்றான். எங்கள் எழுத்து அவனுக்குப் பிடிக்கும். வீட்டில் அம்மா ஒட்டியிருந்த கோயில் கலண்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பான். "கறுப்புப் பெடியனும் ஸ்நோ மெசினும் எண்டு எழுது."

நான் எழுதினேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான்: காப்பிலிப் பெடியனும் ஸ்நோ மெசினும்.

தயவுசெய்து முகத்தைத் திருப்பாதீர்கள். அது உங்கள் வீட்டிலும் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கோபத்தில் சொன்னதில்லை. "மேல காப்பிலி வீட்டில பைப் உடைஞ்சுபோச்சு." "காப்பிலிக் கடையில வாழைக்காய் நல்லா இருக்கு." சைரன் அடித்தும் அப்பா எழும்பாத நாட்களில் மேல்வீட்டு அம்மா இறங்கிவந்து கதவைத் தட்டி, "மிஸ்யூ, கார்!" என்று கூப்பிடுவார். கார் தப்பிய மகிழ்ச்சியில் அப்பா திரும்பிவந்து சொல்வார்: "அந்தக் காப்பிலி மனுசி தங்கமான மனுசி." புகழும்போதும் அதே சொல்தான். அது ஹெய்ட்டிக்காரர் என்பதற்குத் தமிழ் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவன் அந்த முதல் நான்கு எழுத்தைப் பார்த்தான். "இது நானோ?"

"ஓம்."

"முதலாவது ஆள் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். இது வாளி, மேல ஒரு பொட்டு ஸ்நோ விழுது. இது தொப்பி போட்ட வாளி. கடைசி ஆளும் தொப்பி போட்டிருக்கிறார்." பி, லி இரண்டின் தலையிலும் வளைந்த கோட்டை விரலால் தடவினான். "இவைக்குக் குளிரும்தானே."

ஒரு பின்னேரத்தில் எழுதப் பழகிவிட்டான். பிறகு அதை எங்கும் எழுதினான். பஸ் கண்ணாடியின் ஆவியில், கொம்பாஸ் பெட்டியில், ஜாக்கெட்டின் உட்பக்கத்துத் துணியில். லியின் சுழியை மட்டும் மறுபக்கம் சுழிப்பான், நான் திருத்துவேன். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் படிப்பித்தது அல்லவா.

மூலையில் எங்கள் ஆட்கள் நடத்திய டெப்பனர் இருந்தது. பால், சிகரெட், லொத்தர் சீட்டு விற்கும் கடை. பின்னேரங்களில் கடை மாமாவோடு இரண்டு மூன்று பேர் நின்று கதைப்பார்கள். நாங்கள் பால் வாங்கப் போன அன்று, கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. மேல்வீட்டுப் பெடியன் கடை மாமாவை ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டு, கண்ணாடியில் பெரிதாக எழுதினான்.

"எட, உவன் தமிழ் எழுதுறான்!"

"என்னடா எழுதுறான்? தள்ளு, பாப்பம்."

"ஐயோ! தன்ர பேரைத் தானே எழுதிப்போட்டான்!"

சிரித்தார்கள். ஒருவர் லொத்தர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். கடை மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "இன்னொருக்கா எழுது ராசா," என்று சொல்லி, ஒரு சொக்லேட்டை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் இன்னொருமுறை எழுதினான். இந்த முறை லி சரியாக வந்தது.

அதன் பிறகு அவன் உள்ளே போனாலே, "காப்பிலி!" என்று எல்லோரும் கூவுவார்கள். அவன் கையை உயர்த்தி, "உவி, சே முவா!" என்பான். ஓம், நான்தான். தன்னைக் கண்டு இவ்வளவு மகிழ்கிற கடை ஊரிலேயே இதுதான் என்று நினைத்தான். மற்றக் கடைகளில் அவன் நுழைந்தால் காவல்காரர் பின்னால் வருவார்.

வளர்ந்த மனிதர்கள். பிள்ளைகள் பெற்றவர்கள். அதில் ஒருவர் கோயிலில் தேவாரம் பாடுகிறவர்.

கொப்பியைக் கண்டது அக்கா. அவளுக்குப் பதினைந்து வயது, உயர்பள்ளி முடிந்து இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவாள்.

"ஆரடி இதை எழுதினது?"

"நான்."

"உனக்கு விசரோ? இது அவையளைப் பழிக்கிற சொல்."

"அம்மா சொல்லுறவா."

"அம்மாவுக்கு வேற சொல் தெரியாது."

"அப்ப சரியான சொல் என்ன?"

அக்கா யோசித்தாள். "பிரெஞ்சில சொல்லு," என்றுவிட்டுப் போனாள்.

அதே கிழமை அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார். பஸ் தரிப்பில் ஒரு குடிகாரன் அவரைப் பார்த்து ஒரு சொல் சொல்லியிருந்தான். எங்களைப் போன்றவர்களைச் சொல்லும் சொல், உங்களுக்குத் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை. மற்றதை எழுதுகிறேன், ஏனென்றால் அது எங்கள் சமையலறையிலிருந்து வந்தது.

"எனக்கொரு பேர் இருக்கு!" என்றார் அப்பா. கோப்பையில் பிட்டு ஆறிக்கொண்டிருந்தது. "கேட்டாச் சொல்லுவன்தானே! பேரைக் கேக்கத் தெரியாதோ அவனுக்கு?"

"விடுங்கோ, குடிகாரன்," என்றார் அம்மா.

"விடுறதோ? நல்லகாலம், பக்கத்தில நிண்ட ஒரு காப்பிலிதான் அவனைப் பேசித் துரத்தினவன்."

நான் அப்பாவையே பார்த்தேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிட்டைக் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

அன்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினேன். கறுப்பன்: கூடாது, பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பெடியன்கள் ஆளுக்காள் ஏசுவது. கறுவல்: அது அப்பா, பெரியப்பா வந்தால் அவரை அப்படித்தான் கூப்பிடுவார். கறுத்தப் பெடியன்: யார் வாசித்தாலும் எங்கள் பெடியன் என்றே நினைப்பார்கள். நீக்ரோ: தமிழ்ப் பள்ளிக்கூடத்து அகராதியில் இருந்தது, வகுப்பு ரீச்சர் பிரெஞ்சில் அதைச் சொல்லவே கூடாது என்றவர். ஆபிரிக்கன்: அவன் ஆபிரிக்காவுக்குப் போனதே இல்லை.

ஐந்துக்கும் கோடு போட்டேன். பிறகு அட்டையில் வெள்ளைக் கடதாசி ஒட்டி, பெடியனும் ஸ்நோ மெசினும் என்று எழுதினேன்.

அவன் அட்டையைப் பார்த்ததும் விரல் வைத்து எழுத்தை எண்ணினான்.

"நாலு எழுத்தைக் காணேல்ல."

"பிழை விட்டிட்டன். இதுதான் சரி."

"தொப்பி போட்ட ஆக்கள் எங்க?"

"அவை தேவையில்லை."

"அதுதானே நான்," என்றான். "இப்ப இதில நான் எங்க?"

உலர்த்தும் மெசின் நின்று மணியடித்தது. நான் எழும்பிப் போய் அம்மாவின் துணிகளை மடித்தேன். காலுறைகளைச் சோடி சேர்த்து, நிறவாரியாக அடுக்கினேன். அவன் பேனையை எடுத்து, வெள்ளைக் கடதாசியின் மூலையில் அந்த நான்கு எழுத்தையும் தானே எழுதிக்கொண்டான்.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னோடு கோபிப்பான் என்று பயந்தேன். அந்த அறையும் மெசின் சூடும் இல்லாத பின்னேரங்களை நினைத்துப் பயந்தேன். அவன் கடைக்குப் போனான், நானும் கூடப் போனேன். "காப்பிலி!" "உவி, சே முவா!" நான் வெளியே பனியில் நின்று, அவன் பாலோடு வரும்வரை காத்திருப்பேன்.

பங்குனியில் கடை மாமாவின் மகன் அவனுக்கு அதைச் சொன்னான். எங்கள் வகுப்புத்தான். பள்ளிக்கூட முற்றத்தில், எல்லோருக்கும் முன்னால், பொருளைப் பிரெஞ்சில் சொன்னான்.

அன்று பின்னேரம் மேல்வீட்டுப் பெடியன் நிலத்தடிக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றாமல் நின்றான்.

"உண்மையோ?"

"ஓம்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அட்டையை மாத்தின அண்டைக்கு."

"அதுக்குப் பிறகு நான் எத்தினை தரம் கடைக்குப் போனனான்?"

எனக்கு எண்ணிக்கை தெரியும். எனக்கு எப்போதும் எண்ணிக்கை தெரியும். "ஐஞ்சு."

"எண்ணினனீ," என்றான். "சொல்லேல்ல."

கொப்பியை எடுத்துக்கொண்டு பதினேழு படியும் ஏறிப்போனான். உடைந்த படியில் அவன் கால் பட்ட சத்தம் கேட்டது. அதன் பிறகு அவன் அந்த அறைக்கு வரவில்லை. கதை பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றது, மலை உருகத் தொடங்கும் இடத்தில்.

யூலை முதலாம் திகதி இந்த ஊரே வீடு மாறும் நாள் அல்லவா. தெருவெங்கும் மெத்தைகளும் குளிர்ப்பெட்டிகளும் நின்றன. மேல்வீட்டார் பக்கத்து நகரமான லாவாலுக்குப் போனார்கள். அவனுடைய அம்மா இறங்கிவந்து, கொண்டுபோக முடியாத ஒரு பூச்சாடியை என் அம்மாவிடம் கொடுத்தார். "மேர்சி, மதாம், மேர்சி," என்று இரண்டு கையாலும் வாங்கிய அம்மா, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பாவம், நல்ல காப்பிலி." லொறியின் முன் இருக்கையில் அவன் நடுவில் இருந்தான். எங்கள் யன்னல் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மாரியில் உலர்த்தும் மெசினுக்குப் பின்னால் அவனுடைய நீலக் கையுறை ஒன்றை எடுத்தேன். அம்மா அதைக் குப்பையில் போட்டார். "ஒற்றை, ஆருக்கு?"

இனி போன மாதத்துக்கு வருகிறேன். பட்டியலுக்குப் பதில் சொல்ல நேரில் போனேன். புரோசார்டில் ஒரு வீட்டின் நிலத்தடி அறை, ஞாயிறு மதியம், மேசையில் பட்டிஸும் தேநீரும். குழுவில் மூன்று பேர்: தலைவி ரீச்சர், ஓய்வுபெற்ற கணக்காளர் அங்கிள், சென்னையிலிருந்து வந்து இங்கே கணினி வேலை செய்யும் ஒரு தகப்பன்.

"பிள்ளை, கதை நல்ல கதை," என்றார் ரீச்சர். "பெடியனை எங்கட பெடியனா மாத்தினா என்ன எண்டுதான். பிள்ளையள் வாசிக்கேக்க தங்களைப் பாக்க வேணுமெல்லோ."

"போன வருசம் முயல் கதை போட்டனீங்கள், ரீச்சர். எங்கட பிள்ளையள் முயலோ?"

சென்னைத் தகப்பன் தேநீருக்குள் சிரித்துவிட்டார். அங்கிள் சிரிக்கவில்லை. "அதில்லைத் தங்கச்சி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில காப்பிலிக் கதை..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, "கறுப்பின, கறுப்பின," என்றார்.

"ஏன் அங்கிள் அவன் வறியவனா இருக்க வேணும்?"

"அப்பதானே பிள்ளையளுக்கு இரக்கம் வரும்."

"அவனுக்கு இரக்கம் தேவையில்லை. கையுறை தொலைஞ்சிட்டுது, தேடுறான். உங்கட பேரன் கையுறை தொலைச்சா இரக்கப்படுவியளோ, பேசுவியளோ?"

"பேசுவன்," என்றார் அங்கிள். உண்மையைச் சொன்னார்.

"அப்ப இவனையும் பேசுங்கோ. அவ்வளவுதான் நான் கேக்கிறது. நிறத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறியள். எங்கட பிள்ளையளைப் படத்தில கீறேக்கையும் குறைக்கிறியள்தானே? என்ர அப்பாவை வீட்டில கறுவல் எண்டு கூப்பிட்டவை. அவரை எந்தப் புத்தகத்தில கீறினீங்கள்?"

என் குரல் உயர்ந்திருந்தது. மேலே நடந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது. ரீச்சர் பட்டிஸ் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. என்னிடம் அச்சடித்த பதில் பட்டியல் இருந்தது, நான்குக்கும் நான்கு. மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார் சென்னைத் தகப்பன். "தப்பா எடுத்துக்காதீங்க. எம் பொண்ணுக்கு நேத்து இதைப் படிச்சுக் காட்டினேன். அவளுக்குக் கதை புடிச்சிருந்தது. ஒண்ணே ஒண்ணு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல. அந்தப் பையன் பேரு என்னங்க?"

நான் என் பிரதியைப் புரட்டினேன். பன்னிரண்டு பக்கம். கறுப்பினச் சிறுவன் எழும்பினான். கறுப்பினச் சிறுவன் வாசலுக்கு வந்தான். எண்ணினேன், பத்தொன்பது முறை. லொறிக்கு இலக்கம் கொடுத்திருந்தேன். தெருவுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். ஜாக்கெட்டின் நிறம், படிகளின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. பிழை பிடிப்பது என் தொழில். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மற்றவர்கள் விட்ட பிழைகளைப் பட்டியலிட்டுவைத்திருந்தேன், கடை மாமா, நூலக மனுசி, அம்மா, அப்பா, இப்போது இந்த மூவர். ஒன்பது வயதில் ஐந்து சொல்லை எழுதிக் கோடு போட்டபோது, ஆறாவதாக எனக்கு ஏன் அது தோன்றவில்லை? பிரெஞ்சில் ஒவ்வொரு நாளும் அவனை அவனுடைய பெயரால்தான் கூப்பிட்டேன். தமிழுக்கு வந்ததும் அதைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்பா சாப்பாட்டு மேசையில் கத்திச் சொன்னார், பேரைக் கேக்கத் தெரியாதோ என்று. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மேசையில் கிடந்த பேனையை எடுத்து, பட்டியலின் பின்பக்கத்தில் அவன் பெயரை முதல்முறையாகத் தமிழில் எழுதினேன். மூன்றே எழுத்து. தொப்பி போட்ட வாளி. தொப்பி போட்ட மற்ற ஆள். பிறகு ஒரு வாளி, அதன் மேல் ஒரு பொட்டுப் பனி. அவன் கேட்ட ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். காலை நீட்டிக்கொண்டிருந்த அந்த முதலெழுத்து மட்டும்தான் வேண்டாதது.

அவனைத் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயரில் இந்த நகரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் எழுதிய இருவர் தாங்கள் இல்லை என்று பதில் போட்டார்கள். இன்னும் எழுதுவேன்.

குழுவுக்குக் கடைசிப் பிரதியை அனுப்பிவிட்டேன். நிறம் குறைக்கப்படவில்லை. படிப்பினை சேர்க்கப்படவில்லை. யாரும் யாருக்கும் உதவவில்லை. அச்சிட விருப்பமில்லை என்றால் நானே அச்சிடுவேன் என்று அதில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கும் ஒன்று வரும், பிள்ளைகளோடு இருந்து வாசியுங்கள். அட்டையில் இரண்டு வரிதான்:

பிலிப்பும் ஸ்நோ மெசினும்.
கதை: பிலிப்.